உங்களுக்குத் தெரியுமா? ஆரிலிருந்து சியைக் கூப்பிட்டால்…

ஆர் மொழியில் எழுதிய கணக்கு ரொம்ப நேரம் இழுக்கிறதா? இழுக்கிற பகுதியை மட்டும் சியில் எழுதி, கம்பைல் செய்து, ஆரிலிருந்தே கூப்பிடலாம். புள்ளியியல் படிக்கும் மாணவர்கள் பலருக்கு இது தெரிந்த சங்கதிதான். கூப்பிட்ட பிறகு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. தப்பு நடந்தால் ஆர் உடனே நிறுத்திக் கத்தும். சி கத்தாது, ஏதோ ஒரு விடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். இந்தத் துணுக்குகளில் பாதிக்கு மேல் சியின் அந்தக் குணத்தைப் பற்றியவை.

● ஆரின் முன்னோடி எஸ் மொழி. அது பிறந்ததே வேறொரு மொழியைக் கூப்பிடுவதற்காகத்தான். அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வகத்தில், ஃபோர்ட்ரானில் எழுதிய பெரிய புள்ளியியல் நூலகம் ஒன்று இருந்தது. சின்னக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கவும் தனியாக ஒரு ஃபோர்ட்ரான் புரோகிராம் எழுத வேண்டியிருந்தது. 1976 மே 5 அன்று ஜான் சேம்பர்ஸும் சகாக்களும் இதைப் பற்றிக் கூடிப் பேசினார்கள். அப்போது வரைந்த படம் இன்றும் இருக்கிறது. நடுவில் ஒரு ஃபோர்ட்ரான் அல்காரிதம், அதைச் சுற்றிப் பயனாளரோடு பேச ஓர் உறை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கியதும் இதே ஆய்வகத்தில்தான்.

● நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தொடங்கிய ஆர், 1.0.0 என்ற எண்ணைத் தொட்ட நாள் 2000 பிப்ரவரி 29.

● நீங்கள் ஒரு வரி சி எழுதியிருக்காவிட்டாலும், தினமும் சியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆர் கன்சோலில் 'சம்' என்ற ஃபங்ஷனின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் அடித்துப் பாருங்கள். கூட்டல் செய்யும் நிரல் எதுவும் தெரியாது, ஆர்கியூமென்ட்களின் பெயரும் 'பிரிமிட்டிவ்' என்ற சொல்லும்தான் வரும். மீதி எல்லாம் ஆருக்குள் கம்பைல் ஆகி இருக்கும் சி.

பின்னடைவுக் கோடு போடும் 'எல்எம்' இன்னும் சுவாரசியமானது. ஆரில் தொடங்கி, சிக்குள் நுழைந்து, அங்கிருந்து ஃபோர்ட்ரானுக்குப் போகிறது. கடைசியில் வேலை செய்வது லின்பேக் நூலகத்தின் சற்றே மாற்றிய ஒரு ரொட்டீன். லின்பேக்கின் கையேடு வெளியான ஆண்டு 1979. இன்றைக்கு மடிக்கணினியில் மாதிரிகளை ஓட்டும் பிள்ளைகள் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு எழுதிய கணக்கு அது. நன்றாகச் சோதித்த பழைய நிரலைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது ஆர் செய்த புத்திசாலித்தனங்களில் ஒன்று.

● தரவைக் குழுக்களாகப் பிரிக்கும் 'கேமீன்ஸ்' ஓட்டும்போது 'ஃபாரின் ஃபங்ஷன் கால்' என்ற சொற்களோடு ஒரு பிழைச் செய்தி வந்து குழம்பியிருக்கிறீர்களா? உங்கள் தரவில் எங்கோ ஒரு விடுபட்ட மதிப்போ முடிவிலியோ இருக்கிறது என்பதே அதன் பொருள். ஆரிலிருந்து சிக்கும் ஃபோர்ட்ரானுக்கும் போகும் டாட்-சி, டாட்-ஃபோர்ட்ரான் என்ற இரண்டு பழைய வாசல்களிலும் ஆர் ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறது. நீங்களாகச் சலுகை கொடுத்தால் ஒழிய, விடுபட்ட மதிப்புகள் அந்தப் பக்கம் போக முடியாது.

● செய்முறை மிகச் சின்னது. சி கோப்பை எழுதிவிட்டு, டெர்மினலில் 'ஆர் சிஎம்டி ஷ்லிப்' கட்டளையைக் கொடுக்க வேண்டும். லினக்ஸிலும் மேக்கிலும் எஸ்ஓ கோப்பு வரும், விண்டோஸில் டிஎல்எல். அதை 'டைன் லோட்' செய்து கூப்பிட வேண்டியதுதான். விண்டோஸ்காரர்கள் முதலில் ஆர்டூல்ஸ் நிறுவ வேண்டும். இன்னொரு சங்கதி: விண்டோஸில் டிஎல்எல் லோட் ஆகி இருக்கும்போதே சி கோப்பைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்தால், பழைய கோப்பின் மேல் எழுத முடியவில்லை என்று தகராறு செய்யும். முதலில் 'டைன் அன்லோட்' செய்துவிட்டுக் கம்பைல் செய்யுங்கள்.

● டாட்-சி வழியாகக் கூப்பிடும் சி ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராது. அதன் வகை எப்போதும் 'வாய்ட்'. ஆர் ஒவ்வொரு வெக்டரையும் நகலெடுத்து அதன் பாயின்டரை அனுப்பும். சி அந்த நகலின் மேல் எழுதும். முடிந்ததும் ஆர் அத்தனையையும் ஒரே லிஸ்டாகக் கட்டி உங்களிடம் தரும். ஒரு எண் விடை வேண்டும் என்றாலும் அனுப்பியதெல்லாம் திரும்பி வரும். நகலெடுக்காதே என்று சொல்ல முன்பு ஒரு வழி இருந்தது. 2014இல் வந்த ஆர் 3.1.0 முதல் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை, ஏற்கிறாற்போல் ஏற்றுக்கொண்டு நகலெடுத்துவிடும்.

● ஆரில் 5 என்று அடித்து அனுப்பினால் சி அதை 0 என்று படிக்கக்கூடும்!

காரணம் இதுதான். ஆரில் வெறும் 5 என்பது டபுள், 8 பைட். கூடவே 'எல்' என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் அது 4 பைட் இன்டிஜர். உங்கள் சி ஃபங்ஷன் இன்டிஜர் பாயின்டரை எதிர்பார்க்கிறது, நீங்கள் வெறும் 5ஐ டாட்-சி வழியாக அனுப்பிவிட்டீர்கள் என்று வையுங்கள். சரிபார்க்க அங்கே ஆளில்லை. சி முதல் 4 பைட்டைப் படிக்கும். நாம் புழங்கும் கணினிகளில் எண்ணின் கீழ்ப்பாதிதான் மெமரியில் முதலில் உட்கார்ந்திருக்கும். டபுளாக எழுதிய 5இல் அந்தக் கீழ்ப்பாதி முழுக்கப் பூஜ்யம். ஐந்து முறை ஓட வேண்டிய லூப் ஒரு முறைகூட ஓடாது. பிழைச் செய்தியும் இல்லை. விடை வெக்டர் போனபடியே திரும்பி வரும், நீங்கள் அல்காரிதத்தில் குறை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

5 மட்டும் என்றில்லை. 20 லட்சத்துக்குக் கீழே உள்ள எந்த முழு எண்ணை இப்படி அனுப்பினாலும் சி பார்ப்பது 0தான். அதனால்தான் பழகியவர்களின் நிரலில் டாட்-சி வரும் இடமெல்லாம் 'ஆஸ் இன்டிஜர்', 'ஆஸ் டபுள்' என்று வரிசையாக நிற்கும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், எடுத்துவிடாதீர்கள். பேக்கேஜ் எழுதுகிறவர்கள் தங்கள் சி ஃபங்ஷன்களை எந்த வகை வேண்டும் என்ற விவரத்தோடு பதிவு செய்துவிட்டால், தப்பான வகை வரும்போது ஆரே தடுத்துவிடும்.

● ஆரின் இன்டிஜர் வெக்டரில் விடுபட்ட மதிப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. 32 பிட்டில் அடங்கும் மிகச் சிறிய எண்ணான -2147483648ஐ அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆருக்கு இந்த ஏற்பாடு தெரியும், சிக்குத் தெரியாது. ஒரு கணக்கெடுப்பில் வயது சொல்லாதவருக்கு, காவலாளியைத் தாண்டிச் சி பக்கம் போனதும் மைனஸ் 214 கோடிக்கு மேல் வயது! மிகக் குறைந்த வயது எது என்று தேடினால் எப்போதும் அவர்தான் ஜெயிப்பார். அதோடு ஒன்றைக் கூட்டினால் -2147483647 வரும். ஆரைப் பொறுத்தவரை அது முறையான ஒரு எண். விடுபட்ட மதிப்பு இருந்த தடமே அழிந்துபோகும்.

லாஜிக்கலில் இன்னும் வேடிக்கை. ஆரில் உண்மை, பொய், விடுபட்டது என்று மூன்று நிலை. மூன்றும் சிக்கு வெறும் இன்டிஜர்களாகத்தான் போகின்றன. சியின் 'இஃப்' பூஜ்யம் அல்லாத எதையும் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். விடுபட்டது பூஜ்யம் அல்ல. ஆக, 'தெரியாது' என்று எழுதியவர்கள் எல்லாம் 'ஆம்' பக்கம் எண்ணப்படுவார்கள்.

டபுள்களுக்கு வேறு ஏற்பாடு. எண்ணல்லாதது என்று கணினியே ஒத்துக்கொள்ளும் ஒரு சிறப்பு மதிப்பை எடுத்து, அதன் கீழ்ப்பாதியில் 1954 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை வைத்துத்தான் சாதாரணக் கணக்குப் பிழையையும் விடுபட்ட மதிப்பையும் ஆர் பிரித்தறிகிறது. ராஸ் இஹாக்கா பிறந்த ஆண்டு 1954.

● எழுத்துச் சரங்களையும் டாட்-சி வழியாக அனுப்பலாம். ஆனால் விடுபட்ட சரத்தைக் காவலாளி தடுப்பதில்லை, அது என், ஏ என்ற இரண்டு எழுத்தாகவே அந்தப் பக்கம் போகும். நமீபியா நாட்டின் சர்வதேசக் குறியீடும் அதே இரண்டு எழுத்து. எது நாடு, எது காலி இடம் என்று சியால் சொல்ல முடியாது.

● ஆரின் மேட்ரிக்ஸ் மெமரியில் நெடுவரிசை நெடுவரிசையாக அடுக்கப்பட்டிருக்கும், ஃபோர்ட்ரானிடமிருந்து வந்த வழக்கம். சிக்காரர்கள் கிடைவரிசையாக நினைத்துப் படித்தால் திருப்பிப்போட்ட மேட்ரிக்ஸ் கிடைக்கும். சதுர மேட்ரிக்ஸாக இருந்துவிட்டால் தப்பு வெளியே தெரியாது. இரண்டு பக்கமும் சமச்சீரானதாக இருந்தால் விடைகூடச் சரியாக வந்து தொலைக்கும். ஆகவே சோதித்துப் பார்க்கும்போது 2க்கு 3 மாதிரி கோணலான மேட்ரிக்ஸைக் கொடுங்கள்.

● ஆரில் எண்ணிக்கை 1இல் தொடங்கும், சியில் 0இல். பத்து இடம் உள்ள வெக்டரில் சியிடம் பத்தாவது இடத்தைக் கேட்டால், அது பதினோராவது இடத்துக்குப் போய், அங்கே யாருடைய பைட் இருந்தாலும் எடுத்து நீட்டும்.

● டாட்-கால் என்பது இன்னொரு வாசல், இன்று பெரும்பாலும் புழங்குவது. இங்கே நகலும் கிடையாது, காவலாளியும் கிடையாது. ஆரின் பொருளே அப்படியே சியின் கைக்கு வரும். எவ்வளவு நீளம், என்ன வகை, பெயர்கள் உண்டா என்று சியே விசாரித்துக்கொள்ளலாம். புதுப் பொருளை உருவாக்கித் திருப்பியும் தரலாம். அதிகபட்சம் 65 ஆர்கியூமென்ட் அனுப்பலாம். அவ்வளவு தேவைப்பட்டால் உங்கள் ஃபங்ஷனைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். சுமார் 214 கோடி உறுப்புகளைத் தாண்டிய நீள வெக்டர்களை 2013இல் வந்த ஆர் 3.0.0 அனுமதித்தது. அவற்றையும் டாட்-கால் ஏற்கும், டாட்-சி ஏற்காது.

● டாட்-காலில் சி எழுதுபவர்கள் தூக்கம் தொலைப்பது 'புரொடெக்ட்' என்ற ஒன்றினால்.

ஆரில் கார்பேஜ் கலெக்டர் என்று ஒரு துப்புரவாளர் உண்டு. யாருக்கும் வேண்டாத பொருளின் மெமரியை மீட்டு வேறு வேலைக்குக் கொடுப்பார். ஒரு பொருளை யார் வைத்திருக்கிறார்கள் என்று ஆரின் பக்கம்தான் அவர் பார்ப்பார். சியின் லோக்கல் வேரியபிளில் நீங்கள் அதைப் பிடித்து வைத்திருப்பது அவருக்குத் தெரியாது. ஆகவே சியில் புதிதாக ஒரு வெக்டர் உருவாக்கியதும் 'புரொடெக்ட்' போட வேண்டும். பஸ்ஸில் சீட்டின் மேல் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான். வேலை முடிந்ததும் எத்தனை துண்டு போட்டீர்களோ அத்தனையையும் எண்ணி எடுத்துவிட வேண்டும். கணக்கு பிசகினால் 'ஸ்டாக் இம்பேலன்ஸ்' என்று ஆர் முறைக்கும். ஒரே நேரத்தில் 50,000 வரை போட்டு வைக்க இடம் உண்டு. ஆரிலிருந்து வந்த ஆர்கியூமென்ட்களுக்கு இது தேவையில்லை, அவை ஏற்கெனவே பத்திரமாக இருக்கின்றன.

போட மறந்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் கொடுமை. துப்புரவாளர் எப்போது வருவார் என்பது மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சின்னத் தரவில் ஆயிரம் முறை சரியாக ஓடிய நிரல், பெரிய தரவில் ஒரு நாள் உளறும். அதே தரவோடு மறுநாள் ஒழுங்காக ஓடும். இதைப் பிடிக்க 'ஜிசி டார்ச்சர்' என்ற ஒரு ஆர் கட்டளை இருக்கிறது. புதிதாக மெமரி கேட்கும் ஒவ்வொரு தடவையும் துப்புரவாளரைக் கூப்பிட்டு நிரலை வதைக்கும். நிரல் நொண்டி நொண்டித்தான் ஓடும், ஆனால் எங்கோ ஒளிந்திருந்த பிழை சீக்கிரமே தலையைக் காட்டிவிடும். நிரலை ஓட்டாமல் படித்தே இந்தத் தவறுகளைத் தேட, ஆர் மையக் குழுவைச் சேர்ந்த தோமாஸ் காலிபேரா 'ஆர்ச்செக்' என்ற கருவியை எழுதியிருக்கிறார்.

● டாட்-காலில் வந்த வெக்டரின் மேல் நேரடியாக எழுதாதீர்கள். ஆரில் ஒரு வெக்டருக்கு இரண்டாவது பெயர் வைத்தால் உடனே நகலெடுக்காது. யாராவது ஒருவர் மாற்றும்போதுதான் எடுக்கும். சி இந்த ஒப்பந்தத்தைத் தாண்டி மெமரியில் நேராக எழுதிவிட்டால், இரண்டு பெயரிலும் மதிப்பு மாறிப்போகும். உங்கள் நிரலில் பத்து வரிக்கு முன்பு பத்திரமாக எடுத்து வைத்த 'அசல்' இனி அசல் இல்லை. எழுத வேண்டும் என்றால் 'டூப்ளிகேட்' செய்து அதன் மேல் எழுதுங்கள்.

● ஆரில் 1 முதல் 100 கோடி வரை ஒரு வரிசையை உருவாக்கிப் பாருங்கள், கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். 2018இல் வந்த ஆர் 3.5.0 முதல், அப்படிப்பட்ட வரிசைகளுக்குத் தொடக்கமும் நீளமும் மட்டும்தான் குறித்து வைக்கப்படுகின்றன. ஆல்ட்ரெப் என்று பெயர். அந்த வரிசையைச் சிக்கு அனுப்பி, அங்கே வழக்கம்போல அதன் இன்டிஜர் பாயின்டரைக் கேட்டீர்களானால், ஆர் வேறு வழியில்லாமல் 100 கோடி எண்களையும் மெமரியில் எழுதி வைக்கும். ஒன்றுக்கு 4 பைட், ஆக 400 கோடி பைட். சி நிரலில் தப்பே இல்லாமல் கணினி திணறுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

● சிக்குள்ளிருந்து ஆரின் பிழைச் செய்தியை எழுப்பினால், கட்டுப்பாடு ஒரே தாவலில் ஆருக்குத் திரும்பிவிடும். நடுவில் இருக்கும் வரிகள் ஓடாது. 'மால்லாக்' போட்டு வாங்கிய மெமரியை விடுவிக்கும் வரி அதற்குக் கீழே இருந்தால், அந்த மெமரி போனது போனதுதான். 'ஆர் அல்லாக்' என்று ஆரிடமே கேட்டு வாங்கினால், பிழை வந்தாலும் வராவிட்டாலும் கூப்பிட்ட வேலை முடிந்ததும் ஆரே எடுத்துக்கொள்ளும்.

● நீளமான சி லூப் ஓடும்போது கன்ட்ரோல்-சி அழுத்தினால் ஒன்றும் நடக்காது. 'பயனாளர் குறுக்கிடுகிறாரா' என்று சியே நடுநடுவே ஆரிடம் கேட்க வேண்டும், அதற்கென்று ஒரு ஃபங்ஷன் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் கேட்டால் வேகம் குறையும். ஆயிரம் சுற்றுக்கு ஒரு தடவை கேட்டால் போதும்.

● சியின் 'எக்ஸிட்' ஃபங்ஷனை ஆருக்குள் ஓடும் நிரலில் எழுதினால், மூடுவது உங்கள் ஃபங்ஷனை மட்டுமல்ல, ஆரையே. சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும். பேக்கேஜைச் சோதிக்கும் கருவி இதைக் கண்டால் குறிப்பு எழுதும், 'பிரின்ட்எஃப்' கண்டாலும் எழுதும்.

● சி பக்கமிருந்து ஆரின் ராண்டம் எண்களைக் கேட்கலாம். கேட்பதற்கு முன் விதையின் நிலையை வாங்கிக்கொள்ள வேண்டும், முடிந்ததும் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்க மறந்தால், சி எடுத்த அதே எண்களை அடுத்து ஆரும் எடுக்கக்கூடும். சிமுலேஷன் ஆய்வில் இது நடந்தால் கண்டுபிடிப்பது லேசல்ல.

● இவ்வளவு தொல்லைக்கு முன்னால் ஒரு கேள்வி: சி உண்மையிலேயே தேவையா?

2017இல் வந்த ஆர் 3.4.0 முதல், ஃபங்ஷன்களை ஆரே ஓரிரு முறை ஓடிய பிறகு பைட்கோடாக மாற்றிவிடுகிறது. லூப் என்றாலே மெதுவு என்ற பழைய பேச்சு அந்த அளவுக்கு இப்போது பொருந்தாது. மெதுவாக ஓடும் நிரல்கள் பலவற்றில் குற்றவாளி வேறு. லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும் வெக்டரோடு ஒரு உறுப்பை ஒட்டிக்கொண்டே போவதைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் முழு வெக்டரும் நகலாகிறது. 1 லட்சம் சுற்று ஓடினால் சுமார் 500 கோடி உறுப்புகள் நகலாகியிருக்கும். முதலிலேயே 1 லட்சம் இடத்தை ஒதுக்கிவிட்டு நிரப்பினால் போதும், சியின் பக்கமே போக வேண்டாம். 'ஆர்ப்ராஃப்' போட்டு நேரம் எங்கே போகிறது என்று பார்க்காமல் சி எழுத உட்காருகிறவர்களை நான் நம்புவதில்லை.

ஒவ்வொரு படியும் முந்தைய படியைச் சார்ந்திருக்கும் கணக்குகளில் சிக்கு நிஜமான வேலை இருக்கிறது. மார்க்கோவ் சங்கிலி சிமுலேஷன், இரண்டு சரங்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது, கிராஃபில் நடப்பது போன்றவற்றை மொத்த வெக்டராக எழுத வராது.

● சியோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்கு ஆர்சிபிபி என்ற பேக்கேஜ் இருக்கிறது. முதலில் டொமினிக் சாம்பேரி தொடங்கியதை, டிர்க் எடெல்ப்யூட்டலும் ரொமாங் ஃபிரான்சுவாவும் எடுத்து வளர்த்தார்கள். சி++இல் எழுதினால் போதும், புரொடெக்ட் கணக்கு, வகை மாற்றம் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இன்று ஆயிரக்கணக்கான பேக்கேஜ்கள் அதன் மேல் நிற்கின்றன. ஆனாலும் ஆர்சிபிபி வெக்டருக்கு வைக்கும் இரண்டாவது பெயர் அதே மெமரியைத்தான் காட்டும். மேலே சொன்ன 'அசல்' விவகாரம் அங்கேயும் உண்டு, உஷார்.

● பேக்கேஜில் எழுதிய சி, ஆரின் மையத்துக்கே போய்ச் சேர்ந்த கதையும் இருக்கிறது. டேட்டா-டேபிள் பேக்கேஜின் ரேடிக்ஸ் வரிசைப்படுத்தலை மேட் டௌலும் அருண் ஸ்ரீனிவாசனும் ஆருக்குக் கொடுத்தார்கள். 2016இல் ஆர் 3.3.0இல் அது இடம் பிடித்தது.

● கணினியில் எட்டு கோர் இருந்தாலும், ஆரின் சி ஃபங்ஷன்களை ஒரே த்ரெட்டிலிருந்துதான் கூப்பிட வேண்டும். ஓப்பன்எம்பி போட்டு வெறும் எண்களைப் பங்கிட்டுக் கணக்குப் போடுவதில் குற்றமில்லை. அந்தப் பகுதிக்குள் ஒரு ஆர் வெக்டரை உருவாக்கப் போனால் வினைதான்.

● எல்லை மீறி எழுதி ஆர் செத்துப்போகும்போது, 'செக்ஃபால்ட்' பிடிபட்டது என்று சொல்லிவிட்டு நான்கு வழிகளைப் பட்டியலிட்டுக் கேட்கும்: கோர் டம்ப்போடு நிறுத்தவா, வழக்கம்போல வெளியேறவா, வொர்க்ஸ்பேஸைச் சேமிக்காமல் வெளியேறவா, சேமித்துவிட்டு வெளியேறவா? பலர் பதறிப்போய் நான்காவதைத் தொடுவார்கள். மெமரி எந்த இடத்தில் கெட்டது என்று அப்போது ஆருக்கே தெரியாது, சேமிப்பதும் அந்தக் கெட்ட மெமரியைத்தான். மூன்றைத் தொட்டு வெளியே வாருங்கள்.